நாற்பத்தைந்து நாளில் மட்கிய பெயர்

அநியாயம் இழைக்கப்பட்டது அங்கயற்கண்ணிக்கு. இழைத்தவர் எருக்கங்கரை அரசு உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார். அவள் ஆறாம் வகுப்பு படிக்கையில், சித்திரை வெயில் கூரை ஓட்டைப் பழுக்கக் காய்ச்சிய ஒரு மத்தியானம், அவளுடைய டிபன் பாக்ஸில் பருப்புக் குழம்பு ஊசிப்போயிருந்தது, திறந்ததும் வாடை வராண்டா வரைக்கும் போனது, வராண்டாவில் நின்ற வாத்தியார் தம் கையிலிருந்த மர ஸ்கேலால் கதவைத் தட்டி, "யாருட்டி அது, ஊசக்கொழம்பு?" என்று கேட்டார். ஊசியது குழம்பு. பெயர் விழுந்ததோ பிள்ளைக்கு. அன்றிலிருந்து நாலு வருஷம், ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்தாலும் ஊசக்கொழம்பு, காய்ச்சலில் படுத்தாலும் ஊசக்கொழம்பு, பத்தாம் வகுப்புக்கு அவரே வகுப்பாசிரியராக வந்து தினம் காலையில் வருகை எடுத்தபோதும் ஊசக்கொழம்பு.

அவர் அவளுக்கு மட்டும் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கமாய்ப் பேசுகிறேன் என்று யாராவது கிளம்பி வருவார்கள். இருபத்தேழு வருஷமாக அந்தப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் அவர்தான் பட்டப்பெயர் வைத்தார். ஊரில் பாதிப் பேர் அவர் வைத்த பெயரோடு கல்யாணம் முடித்து, அவர் வைத்த பெயரோடு பேரப்பிள்ளை எடுத்தார்கள். பதிலுக்கு ஊர் அவருக்கு வைத்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்கேல் சார்.

நான் அங்கயற்கண்ணியின் சித்தி. சித்தி என்றதும் பெரிய மனுஷி என்று நினைக்க வேண்டாம், அவளைவிட ஆறு வயதுதான் மூத்தவள். பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன், வார விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன், வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. என் பங்கு இந்தக் கதையில் அவ்வளவுதான்.

புரட்டாசிக் கடைசியில் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: சத்துணவுக் கழிவையும் மரத்துச் சருகையும் கொண்டு பள்ளிதோறும் உரக்குழி தொடங்க வேண்டும், பொறுப்பு மாணவர் ஒருவரை நியமிக்க வேண்டும். தலைமையாசிரியை ஜெபக்கனி டீச்சர் காலை வழிபாட்டில் அதை வாசித்துவிட்டு, "யாரு முன்னால வாரீங்க?" என்று கேட்டார். சாணியைக் கையால் கரைக்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்து வாசித்துவிட்டதால் யாரும் வரவில்லை. அப்போது ஸ்கேல் சார் சொன்னார்:

"ஊசிப்போனதுக்கெல்லாம் நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கே, டீச்சர்."

முந்நூறு பிள்ளைகள் சிரித்தார்கள். கொடிக்கம்பத்துக் காக்காய்கூடச் சிரித்தது என்று அங்கயற்கண்ணி பின்னால் சொன்னாள். அவள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள், டீச்சர் கையிலிருந்த சுற்றறிக்கையை வாங்கினாள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நடந்தாள். மறுநாள் காலை ஸ்கேல் சார் வருகை எடுக்கையில் மூன்றாவதாக "ஊசக்கொழம்பு" என்று கூப்பிட்டபோது, முன் பெஞ்சில், அவர் ஸ்கேலை நீட்டினால் மூக்கில் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஊசக்கொழம்பு."

இல்லை.

"ஆப்சென்ட்," என்று சொல்லிச் சிவப்பு மையால் போட்டார்.

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அதுவே தனியாக ஒரு கதையாகிவிடும். மூன்று மனு எழுதினேன். கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வரவில்லை என்று எழுத எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று முதல் மனுவில் கேட்டேன். வருகை என்பது உடம்பின் வருகையா, குரலின் வருகையா என்று இரண்டாவதில் கேட்டேன். கடைசி பெஞ்சில் "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டுச் சுவர் ஏறிக் குதிப்பவர்களுக்கு என்ன பெயர் என்று மூன்றாவதில் கேட்டேன். ஜெபக்கனி டீச்சர் மூன்றையும் நிதானமாக வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ சொல்லுதது அம்புட்டும் நியாயம்மா. ஆனா ரெஜிஸ்டர் கிளாஸ் டீச்சர் கையிலல்லா இருக்கு. இருநூறு நாளுல அம்பது நாளு ஆப்சென்ட் விழுந்துட்டுன்னா பிள்ளை பேரு பரீட்சைப் பட்டியல்ல ஏறாது. அவளை ஒரு வாட்டி 'உள்ளேன்'னு சொல்லச் சொல்லேன்."

சொன்னேன். அங்கயற்கண்ணி சாணியைக் கரைத்துக்கொண்டே, "அவரு யாரைக் கூப்பிடுதாரோ அவ வந்து சொல்லட்டும், சித்தி," என்றாள்.

ஆக, ஒரு பக்கம் சிவப்பு மை ஏறிக்கொண்டே போனது, மறு பக்கம் குழி இறங்கிக்கொண்டே போனது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். குழி வெட்டி முடிந்ததும் திறப்புவிழா வைத்தார்கள். எங்கள் ஊரில் எதைத் திறந்தாலும், அது தண்ணீர்த் தொட்டியானாலும் கழிப்பறையானாலும், பட்டிமன்றம் இல்லாமல் திறப்பதில்லை என்பதால் பட்டிமன்றமும் வைத்தார்கள். மேடையில் இரண்டு வாளி, பச்சை வாளியில் 'மட்கும்', நீல வாளியில் 'மட்காது'. பிள்ளைகள் ஒவ்வொரு பொருளாகக் கொண்டுவந்து போட வேண்டும். முட்டை ஓடு பச்சை, முருங்கைச் சக்கை பச்சை, பேனா மூடி நீலம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஏழாம் வகுப்பில் தவக்களை என்று பெயர் வாங்கியிருந்த ஒரு சின்னப்பெண் கையைத் தூக்கி, "டீச்சர், பட்டப்பேரு எந்த வாளி?" என்று கேட்கும்வரை.

அதுவே தலைப்பாகிவிட்டது. பட்டப்பெயர் மட்குமா, மட்காதா?

மட்காது என்ற அணிக்கு நான் தலைவி. ஒன்றும் பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் அன்று நான் பேசியதுபோல் எருக்கங்கரையில் யாரும் பேசியதில்லை. நடுவர் அவர்களே, மேலத்தெருவில் ஒரு வீட்டுக்கு ஓட்டைப்பானை வீடு என்று பெயர், அந்தப் பானையை ஓட்டையாக்கியவர் யார் என்று இன்று ஒருவருக்கும் தெரியாது, பானை மண்ணாய்ப் போனது, ஓட்டையும் மண்ணாய்ப் போனது, ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை துபாய்க்குப் போய் ஏர்போர்ட்டில் இறங்கியபோது எதிரே நின்ற நம்மூர்க்காரன் "வாடே ஓட்டைப்பான" என்று கட்டிப்பிடித்தானே, அது மட்கும் பொருளா? என்று நான் மேஜையைத் தட்டியபோது கைதட்டல் ஓயவில்லை. எங்கள் அணி ஜெயித்தது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் பரிசு கொடுத்தார்கள்.

அங்கயற்கண்ணி மேடைப் பக்கமே வரவில்லை. நான் குடத்தோடு போனபோது, அவள் ஒரு காய்ந்த பூவரச இலையில் கருவேல முள்ளால் கீறி எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். ஊசக்கொழம்பு. எழுத்து ஒன்றும் அழகாக இல்லை.

"இப்பத்தானட்டி மட்காதுன்னு தீர்ப்புச் சொன்னாங்க."

"நீ ஜெயிச்சிட்ட சித்தி, நல்லா இருக்கு. நான் போட்டுப் பாக்கேன்."

சருகு ஒரு அடுக்கு, சமையல் கழிவு ஒரு அடுக்கு, நடுவில் அந்த இலை, மேலே சாணிக் கரைசல், அதற்கு மேலே ஒரு குவளை புளித்த மோர். சாக்கால் மூடிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் ஸ்கேல் சார் வருகை எடுக்கையில், "சக்கொழம்பு," என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார், மறுபடியும் சக்கொழம்பு. முதல் எழுத்தைக் காணவில்லை. அவர் வாயில் மட்டுமல்ல, மாசானத்தின் டீக்கடையிலும் காணவில்லை, பெண்பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் குழாயடியிலும் காணவில்லை. யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. மழைக்காலத்தில் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்வதுபோல ஒன்று உதிர்ந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் குழிக்குள் சூடு ஏறியது. அங்கயற்கண்ணி இரும்புக் கம்பியைச் செருகி, உருவி, தொட்டுப் பார்த்து, "நல்லா வேகுது," என்றாள். அன்று அந்தப் பெயரைச் சொன்னவர்களுக்கெல்லாம் நாக்கு சுட்டுப் பொத்துப்போனது. மாசானம் தன் டீயில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று நாள் எல்லோருக்கும் ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். ஸ்கேல் சார் மட்டும் வருகை எடுக்கும்போது ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லி, குடித்து, சிவப்பு மை போட்டார். மனிதருக்குப் பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். இருபதாம் நாள் அது வெறும் கொழம்பு. முப்பதாம் நாள் ழம்பு. முப்பத்தெட்டாம் நாள் அவர் மூன்றாவது எண்ணுக்கு வந்தபோது "பு" என்று ஒரு காற்றுதான் வந்தது, விளக்கை அணைப்பதுபோல.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை, மண்வாசனை வந்தது. புதுமழை விழுந்த கரிசல் மண்ணின் வாசனை, அதுவும் அப்படி ஒரு வாசனை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்கள். சத்துணவுக் கூடத்தில் செல்லக்கிளி அக்கா ஓடிப்போய்க் காயவைத்த மிளகாயை அள்ளினாள். ஸ்கேல் சார் வாயை மூடினார், திறந்தார், மறுபடியும் வாசனை. பதிவேட்டில் மூன்றாவது பெயரைத் தாண்டி நான்காவதற்குப் போனார். கட்டம் காலியாக இருந்தது. கூப்பிடவும் இல்லை, ஆப்சென்டும் போடவில்லையே, அப்படியென்றால் காலிக் கட்டம் யாருக்குச் சாதகம் என்று நான் நாலாவது மனு எழுதினேன். காலிக் கட்டம் ஆப்சென்டுக்குச் சமம் என்று பதில் வந்தது.

அதற்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவள் தவக்களை. அவளுக்குப் பின்னால் அவளுடைய அப்பா. ஒரே வாத்தியாரிடம் படித்ததால் அவரும் ஒரு காலத்தில் தவளைதான், வேறு வகைத் தவளை. அப்புறம் ஓட்டைப்பானை வீட்டிலிருந்து குடும்பத்தோடு ஏழு பேர் வந்தார்கள். துபாய்க்காரன் போனில் முகம் காட்டினான். மாசானம் வந்தார், ஊராட்சித் தலைவர் இருட்டு விழுமுன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார், கோயில் பூசாரி வந்தார், பூசாரிக்கு என்ன பெயர் என்று இங்கே எழுத முடியாது. பள்ளி விட்டபிறகு நாலரை மணிக்கு வரிசை சத்துணவுக் கூடத்தைச் சுற்றி, வேப்பமரத்தைச் சுற்றி, வாசல் கேட் வரைக்கும் நின்றது. இரண்டாவது குழி வெட்டினார்கள், மூன்றாவது வெட்டினார்கள். முதல் குழியின் மண்ணில் ஒரு கூடை அள்ளிப் போட்டதால் அவை விரைவாக வேலை செய்தன, இருபது நாளில் முடித்தன. அங்கயற்கண்ணி ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்: காய்ந்த இலை மட்டும். ஆளுக்கு ஒரு பெயர். அவரவர் பெயரை அவரவரே கொண்டுவரவும். அடுத்தவர் பெயர் வாங்கப்படாது.

இதற்கு அப்புறம்தான் ஊர் திண்டாடியது.

என்னவென்றால், எருக்கங்கரையின் சாமி சுடலைமாடன். ஆகவே தெருவுக்கு ஒரு ஆண்பிள்ளைக்காவது சுடலைமுத்து என்று பெயர் வைப்பது வழக்கம். ஆகவே ஊரில் பதினொரு சுடலைமுத்துகள். இத்தனை வருஷம் பட்டப்பெயரால்தான் இவர்களைப் பிரித்து வைத்திருந்தோம். பெயர்கள் மட்கியதும் பதினொரு பேரும் ஒரே சுடலைமுத்து ஆகிவிட்டார்கள். தபால் கொண்டுவரும் பேச்சித்தாய் அக்கா முச்சந்தியில் சைக்கிளை நிறுத்தி, "சுடலைமுத்தூ" என்று கூப்பிட, பதினொரு பேர் வந்து ஒரு கடிதத்தைப் பிடித்து இழுத்தார்கள். இருபத்தெட்டு வயது சுடலைமுத்துவை மாப்பிள்ளை பார்க்க வந்த கூட்டம் அறுபத்துநாலு வயது சுடலைமுத்துவின் வீட்டுக்குப் போய், பஜ்ஜி சாப்பிட்டு, மாப்பிள்ளை அமைதியான குணம் என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனது. அவருடைய சம்சாரம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பட்டப்பெயருக்கு வருத்தப்பட்டவரும் ஒருவர் இருந்தார். கப்பல் என்று பெயர் வாங்கிய ஒரு சுடலைமுத்து, கடலையே பார்க்காதவர், அகலமான நடையால் வந்த பெயர், அவருடைய சம்சாரம் உட்பட எல்லோரும் ஆசையாகக் கூப்பிடும் பெயர். கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று போட்டுவிட்டு, மறுநாளே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி அங்கயற்கண்ணி, தெரியாமப் போட்டுட்டேன்ம்மா, எடுத்துத் தந்துருட்டி," என்று குழிக்கரையில் நின்று கெஞ்சினார். குழியை இடையில் தோண்டக்கூடாது, சூடு போய்விடும் என்று அவள் சொல்லிவிட்டாள். இருபதாம் நாள் உரத்தைச் சலித்தபோது, கறுப்பாக, பொலபொலவென்று எல்லாம் கீழே விழ, சல்லடையில் ஒரு பூவரச இலை மட்டும் பச்சென்று நின்றது. ஒரு எழுத்துகூட உதிரவில்லை. கப்பல். மனுஷர் அதை மடியில் முடிந்துகொண்டு, இரண்டு தெருவை அடைத்து நடந்து வீட்டுக்குப் போனார்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், சில பட்டப்பெயர் மட்காது. பட்டிமன்றத்தில் நான் பேசியது முழுக்கத் தப்பு என்று சொல்லித் திரிகிறவர்கள் அந்தச் சல்லடையை வந்து பார்க்கட்டும். குடத்தை நான் திருப்பித் தர மாட்டேன்.

மீதிப் பத்துச் சுடலைமுத்துகளுக்கு என்ன வழி? யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, ஊர் தானாகவே விவரம் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொண்டது. கிணற்றில் விழுந்து தானே ஏறி வந்த சுடலைமுத்து. வெள்ளாட்டுக்குச் சட்டை தைத்துப் போட்ட சுடலைமுத்து. மச்சினன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தராத சுடலைமுத்து. மாப்பிள்ளை ஆகாமலே பஜ்ஜி கொடுத்த சுடலைமுத்து. கூப்பிட நேரம் பிடித்தது. ஒருவரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் தெருமுனை திரும்பிவிடுவார். பஸ் கண்டக்டர் ஆளைக் கூப்பிட்டு ஏற்றுவதற்குள் பத்து நிமிஷம் தாமதம். ஆனால் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அவரைப் பற்றி ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஊரில் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள்.

மார்கழி முதல் வாரம் ஒரு சாயங்காலம் வரிசையில் ஸ்கேல் சார் நின்றார்.

முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அவர் வேண்டாம் என்று தலையசைத்துத் தன் முறை வரும்வரை நின்றார். குழிக்கரையில் அங்கயற்கண்ணி அவர் கையிலிருந்த இலையை வாங்கி, விரலால் மடக்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"இது ஈர இலை சார். எடுக்க மாட்டோம். காய்ஞ்சது கொண்டாங்க."

"இன்னிக்கு ஒரு நாளு போட்டுக்கம்மா. இந்தா... ஏ, இந்தாம்மா..." என்று ஆரம்பித்தார். அப்போதாவது பெயரைச் சொல்லியிருக்கலாம். அட்டைக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, பெயரும் எழுதியிருந்தாள்.

"ரூல்ஸ் சார்," என்றாள் அங்கயற்கண்ணி.

மறுநாள் அவர் காய்ந்த இலையோடு வந்தார். அவள் அதை வாங்கினாள், சருகு போட்டாள், சாணி ஊற்றினாள், மற்ற இலைகளுக்கு ஊற்றிய அதே அளவு மோர் ஊற்றினாள். "குறைச்சு ஊத்தியிருக்கலாம்ல?" என்று நான் பல்லைக் கடித்தேன். "அப்புறம் அரைகுறையா வேகும் சித்தி," என்றாள். அவளோடு ஒரு விவாதம் செய்து ஜெயிக்க முடியாது, அவள் விவாதமே செய்வதில்லை.

இருபது நாளில் ஸ்கேல் என்ற பெயர் மட்கியது. அன்று காலை மாசானம் டீயை ஆற்றிவிட்டு, வழக்கம்போல அவரைக் கூப்பிட வாயைத் திறந்தார், மண்வாசனை வந்தது. சாரும் பெஞ்சில் காத்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சாருக்கு நெசப் பேரு என்ன?" என்றார் மாசானம் கடைசியில், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு.

சார் டீயையே பார்த்தார். "சுடலைமுத்து."

கடையில் இருந்த அத்தனை பேரும் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு!

"சரி, எந்தச் சுடலைமுத்துன்னு சொல்லுறது?" என்றாள் பேச்சித்தாய் அக்கா, தபால் பையை இறக்கி வைத்துவிட்டு. அவளுக்கு அது தொழில் பிரச்சினை.

"கணக்கு வாத்தியார் சுடலைமுத்து."

"அது செல்லாது சார். கிணத்துல விழுந்து தானா ஏறுனவரு ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாரு. ஆட்டுக்குச் சட்டை தச்சவரு வீட்டுல கணக்கு டியூசன் எடுக்காரு."

"சைக்கிள்ல வார சுடலைமுத்து."

"அஞ்சு பேரு வாராங்க."

"உயரமான சுடலைமுத்து," என்றார் சார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், மரியாதைக்காக.

அப்போது கடையின் மூலையிலிருந்து கப்பல் சுடலைமுத்து நிதானமாகச் சொன்னார்: "எதுக்குப் போட்டுக் குழப்புறிய? அங்கயற்கண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத சுடலைமுத்து. ஊருலயே இவரு ஒருத்தர்தான்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. யாரும் கேலி செய்யவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விலாசத்துக்காக மட்டுமே வைத்த விவரம் அது. மாசானம் டீயை நீட்டினார். "அங்கயற்கண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத சுடலைமுத்து சார், டீ ஆறுது."

அன்றிலிருந்து அவர் போகும் வழியெல்லாம் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போனது. சலூனில் அங்கயற்கண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத சுடலைமுத்துவுக்கு மீசை ஒதுக்கினார்கள். பஸ்ஸில் அங்கயற்கண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத சுடலைமுத்துவுக்கு இடம் விட்டார்கள். கோயிலில் பூசாரி அந்த முழு நீளத்தையும் சாமி காதில் போட்டு அர்ச்சனை செய்தார். பொங்கலுக்கு அவருடைய அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. தாய்மாமன் என்ற இடத்தில், தங்க எழுத்தில், இரண்டு வரிக்கு அது நீண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் போன் செய்து, "யாருங்க அந்த அங்கயற்கண்ணி, அவ்வளவு பெரிய ஆளா?" என்று கேட்டார்கள்.

ஆனால் வகுப்பில்? வகுப்பில் எல்லாருடைய பட்டப்பெயரும் மட்கிவிட்டதால் அவர் எண் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். ஒன்று, உள்ளேன் ஐயா. இரண்டு, உள்ளேன் ஐயா. மூன்று. மூன்று! முன் பெஞ்சில் அவள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மூணுன்னு எங்கம்மா எனக்குப் பேரு வைக்கலை சார்," என்று ஒரே ஒரு நாள் சொன்னாள். வாய் திறந்து பேசிய அன்றும் ஆப்சென்ட். இந்த அநியாயத்துக்கு ஐந்தாவது மனு எழுத எனக்குத் தாள் கிடைக்கவில்லை, அவ்வளவு கோபம்.

பொங்கல் விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை பரீட்சைப் பட்டியல் அனுப்பக் கடைசி நாள். சிவப்பு மை நாற்பத்தொன்பதில் நின்றது. இன்னும் ஒன்று விழுந்தால் ஐம்பது, ஐம்பதானால் அங்கயற்கண்ணி இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத முடியாது. நான் காலையிலேயே போய் வகுப்பு ஜன்னலில் நின்றேன். எனக்கு முன்பே மாசானம் நின்றார், கடையைப் பூட்டிவிட்டு. பேச்சித்தாய் அக்கா சைக்கிளோடு நின்றாள். மீதிப் பதினொரு சுடலைமுத்துகளும் நின்றார்கள். கப்பல் நின்றதால் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெபக்கனி டீச்சர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் நின்றார்.

சார் உள்ளே வந்தார். கையில் ஸ்கேல் இல்லை. கல்யாணப் பத்திரிகை பதிவேட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பதிவேட்டைத் திறந்தார், பேனாவைத் திறந்தார்.

"அகிலாண்டம்," என்றார்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் தன் பெயர்தானா என்று சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "உள்... உள்ளேன் ஐயா."

"அந்தோணிராஜ்."

"உள்ளேன் ஐயா!"

சார் நிறுத்தினார். தெருவெல்லாம் டீக்கடையெல்லாம் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுந்த பெயர்தான், ஆனால் சொல்லிப் பழகாத வாய்.

"அங்கயற்கண்ணி," என்றார்.

சத்தமே இல்லை.

நான் கப்பலைத் தாண்டி எட்டி முன் பெஞ்சைப் பார்த்தேன். காலி. அப்போதுதான் உறைத்தது: வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை குழி கிளறும் நாள். அவர் எப்படியும் கூப்பிடப் போவதில்லை, குழியை எப்படியும் கிளறித்தான் ஆக வேண்டும் என்று அந்த மகராசி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டிருக்கிறாள். நாலு மனு எழுதிய கை, ஒரு பட்டிமன்றம் ஜெயித்த வாய், எதுவும் அந்த நிமிஷத்துக்கு உதவவில்லை. மாசானம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

சார் காலிப் பெஞ்சைப் பார்த்தார். சிவப்புப் பேனா பதிவேட்டுக்கு மேலே நின்றது. பிறகு, ஜன்னலில் நின்ற எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து, இருபத்தேழு வருஷம் மைதானத்தை அதட்டிய குரலில், வேப்பமரத்துக் காக்காய்கள் எழும்பிப் பறக்க, சத்துணவுக் கூடத்தையும் மூன்று குழிகளையும் தாண்டிப் போகும்படி கூப்பிட்டார்:

"அங்கயற்கண்ணீ!"

கூடத்துக்குப் பின்னாலிருந்து மண்வெட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அப்புறம், மூன்று மாதமாய் அடக்கி வைத்திருந்த அந்தக் குரல்:

"உள்ளேன் ஐயா! கையெல்லாம் சாணி, கழுவிட்டு வாரேன்!"